விடை சரி, வேகம் எங்கே?

2-இன் 128ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் 39 இலக்க எண் ஒன்று வரும். அதைப் பகாக் காரணிகளாக உடைக்க 1970-இல் மோரிசனும் பிரில்ஹார்ட்டும் பெரும்பாடு பட்டார்கள். இன்று சேஜ் என்ற கட்டற்ற கணித மென்பொருளில் ஒரு வரி தட்டினால் போதும், விடை உடனே வந்து நிற்கும். நாளை யாரோ செய்யும் திருத்தத்தால் அதே விடை அரை நிமிடம் கழித்து வந்தால்? சோதனை அப்போதும் ‘சரி’ என்றே சொல்லும்.

2005-இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய சேஜ், பாரி, கேப், சிங்குலர், மேக்ஸிமா போன்ற பல பழைய மென்பொருள்களைப் பைத்தான் மொழியால் பிணைத்து வைத்திருக்கிறது. அதன் ஆவணங்களில் உள்ள எடுத்துக்காட்டுகளே சோதனைகளும்கூட. ஒவ்வொன்றையும் ஓட்டி, அச்சிட்டிருக்கும் விடையோடு ஒப்பிடுவார்கள். அருமையான ஏற்பாடு, ஆனால் நேரத்தை அது மேலோட்டமாகத்தான் பார்க்கிறது. ஒரு மில்லிநொடியில் முடிந்தது பத்து மில்லிநொடி எடுத்தால் யார் கண்ணிலும் படாது. அதையே லட்சம் முறை அழைக்கும் ஆய்வாளருக்கு மட்டும் நூறு நொடி வேலை கால் மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

சரி, நேரத்தை அளந்துவிடலாமே? அங்கேதான் வம்பு. பின்னணியில் வேறு நிரல் ஓடும். சூடேறிய செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நிரலுக்குச் சம்பந்தமே இல்லாத சூழல் மாறிகளின் நீளம்கூட வேகத்தை மாற்றிவிடும் என்று 2009-இல் மிட்கோவிச் குழுவினர் காட்டினார்கள். அதனால் பலமுறை ஓட்டி, சராசரியை விட்டுவிட்டு, மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். இடையூறுகள் பெரும்பாலும் நேரத்தைக் கூட்டுமே தவிரக் குறைப்பதில்லை.

இந்த நல்ல விதியே சேஜில் காலை வாரும். ஓர் எலிப்டிக் வளைவரையின் தரத்தைக் கேட்டால் முதல்முறை உண்மையாகவே கணக்கிடும். அடுத்த முறை, குறித்துவைத்த விடையை எடுத்து நீட்டிவிடும். மிகக் குறைந்த நேரம் என்று நாம் பெருமையாக எழுதிவைப்பது, விடையை நீட்ட ஆன நேரம்! ஒவ்வொரு முறையும் வேறு வளைவரையைக் கொடுத்தால்தான் அளவு நிற்கும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. உள்ளீட்டை இரட்டித்து, நேரம் எத்தனை மடங்காகிறது என்று பார்ப்பது. இருபடியாக வளர வேண்டிய செயல்முறை சுமார் நான்கு மடங்கு நேரம் கேட்கும். எட்டு மடங்கு கேட்டால், பழைய மடிக்கணினியில் ஓட்டினாலும் புதிய சர்வரில் ஓட்டினாலும் கோளாறு கோளாறுதான்.

வேகம் குறைந்தது உறுதியானால், எந்தத் திருத்தத்தால் குறைந்தது என்று தேட வேண்டும். நம்பை, சைபை என்ற பைத்தான் நூலகங்களின் குழுக்கள் பயன்படுத்தும் ஏர்ஸ்பீட் வெலாசிட்டி என்ற கருவி பழைய பதிப்புகளையெல்லாம் ஓட்டி வரைபடம் போடும். ஆயிரம் திருத்தங்கள் இருந்தாலும், பாதி பாதியாக வெட்டிப் போனால் பத்தே சோதனைகளில் குற்றவாளி சிக்கும். கேட்க எளிது. சேஜை மூலநிரலிலிருந்து முழுதாகக் கட்டவே மணிக்கணக்கில் ஆகும்; நடுவில் சில பதிப்புகள் கட்டப்படவே மறுக்கும்.

பிடிபட்டதெல்லாம் குற்றமும் அல்ல. எண் புலங்களின் வகுப்புக் குலத்தைக் கணக்கிடும்போது, பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோளை உண்மை என்று எடுத்துக்கொண்டால் வேலை விரைவாக முடியும். சேஜ் இயல்பாக அப்படி எடுத்துக்கொள்வதில்லை. தாமதமானாலும் நிறுவப்பட்ட விடையைத்தான் தரும். அவசரக்காரர்கள், விடை நிறுவப்பட வேண்டும் என்ற நிபந்தனையைத் தாங்களே அணைத்துக்கொள்ளலாம்.