உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

நம் கொங்கு நாட்டுக் குடியானவர்களின் கால்களை நீங்கள் உற்று நோக்கியதுண்டா? ஈரோட்டு மஞ்சள் வயலிலும் அவிநாசிப் பக்கத்து மானாவாரிக் காட்டிலும் வெறுங்காலோடு நடந்து நடந்து காய்த்துப்போன பாதங்கள் அவை. முள் தைத்த தழும்பும், ஆணியும், வெடிப்பும் அவற்றில் இல்லாமலிரா. அவற்றினிடையே புதிதாக ஒரு கரும்புள்ளி தோன்றினால் அதனை யார் பொருட்படுத்துவார்?

என் பெரியப்பாவும் பொருட்படுத்தவில்லை. குதிகாலில் கண்ட கறுப்பை, வேலமுள் ஒடிந்து தங்கிய இடம் என்றே எண்ணி எருக்கம்பால் வைத்தார். இரண்டாண்டுகள் சென்றன. புள்ளி பரவிப் புண்ணாயிற்று; தொடை இடுக்கில் நெறி கட்டிற்று. அதன் பின்னரே கோவைக்கு வந்து மருத்துவரைக் கண்டார். அது மெலனோமா என்னும் தோல் புற்று. மறு ஆண்டு மாசியில் அவர் மறைந்தார். ஒரே நோயில் ஒருவர் பிழைப்பதும் மற்றொருவர் மடிவதும் எதனால் என்ற வினா அன்று முதல் என்னை விட்டு அகலவில்லை.

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதனை உண்டாக்கும் அணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதே மெலனோமா. வெயிலின் கொடுமையிலிருந்து கருநிறம் நம்மைக் காப்பதால், இந்நோய் இந்தியாவில் அரிது. ஆனால் நம்மவர்க்கு வரும்போது, வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே பெரும்பாலும் தோன்றுகிறது. 1981-இல் தமது 36-ஆம் வயதில் மறைந்த ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் தொடங்கியதும் இதுவே.

பிழைப்பை நிர்ணயிப்பவற்றுள் முதன்மையானது புற்றின் ஆழம். 1970-இல் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ, 98 நோயாளிகளின் கட்டிகளை உருப்பெருக்கியில் அளந்தார். 0.76 மில்லிமீட்டருக்கும் மெல்லியவை மீண்டும் தலைகாட்டவில்லை என்று கண்டார். காரணம் யாது? மேல்தோலில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதன் கீழே உண்டு. வரப்பில் முளைத்த களை அங்கேயே நிற்கும். காலிங்கராயன் வாய்க்காலில் விழுந்த அதன் விதையோ ஊர் ஊராகச் செல்லுமன்றோ?

ஆழத்திற்கு அடுத்தது, புள்ளி புண்ணாயிற்றா என்பது. மூன்றாவது, நெறிக்கட்டிகளுக்குப் பரவிற்றா என்பது. நான்காவது, நுரையீரல், கல்லீரல், மூளை முதலிய தொலை உறுப்புகளை எட்டிற்றா என்பது. மேலை நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் எடுத்த கணக்கின்படி, 1 மில்லிமீட்டருக்குள் கண்டறிந்து அகற்றப்பட்டோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் பத்தாண்டுகள் கடந்தும் இந்நோய்க்கு இரையாவதில்லை. தடித்துப் புண்ணான கட்டி நெறிக்கட்டிகளிலும் மிகுதியாகப் பரவியபின் அத்தொகை நூற்றுக்கு இருபத்துநான்காகக் குறைகிறது.

தொலைவில் பரவியோரிற் பெரும்பாலோர் 2011-க்கு முன் ஓராண்டுக்குள் இறந்தனர். உடலின் சொந்தக் காவற்படையைத் தூண்டிவிடும் மருந்துகள் அந்நிலையை மாற்றின. அதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். இத்தகைய இரு மருந்துகளைச் சேர்த்துப் பெற்றோரில் நூற்றுக்கு 43 பேர் பத்தாண்டுகள் கடந்தும் உயிரோடிருப்பதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. எனினும் உள்ளங்கால் புற்றில் இவற்றின் பலன் குறைவு, விலையோ மிகுதி. ஆகவே காலத்தில் காண்பதே நமக்குக் கைகொடுக்கும்.

எல்லாக் கரும்புள்ளியும் புற்றன்று, அஞ்ச வேண்டாம். நகத்தடியில் கட்டிய இரத்தம் நகம் வளர வளர நகர்ந்து மறையும். மறையாமல் அகலும் கருங்கோடு, ஓரம் ஒழுங்கற்றுப் பலநிறம் காட்டும் மச்சம், மாதந்தோறும் வளரும் புள்ளி, ஆறாப் புண் ஆகியவற்றையே ஐயுற வேண்டும். அவற்றைப் பிளேடால் சீவுவதும் மருந்து வைத்து மறைப்பதும் தகா. மருத்துவரிடம் காட்டுதலே முறை.

மாலையில் உங்கள் வீட்டுப் பெரியவர் கால் கழுவித் திண்ணையில் அமரும்போது, விளக்கை அருகே கொண்டுசென்று அப்பாதங்களை ஒருமுறை பாருங்கள். என் பெரியப்பாவின் பாதத்தை அவ்வாறு பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.