மரத்த கால்: குளிரா, நரம்பா?

நீலகிரியில் கால் மரத்துப்போனால் குளிரின்மீது பழிபோடுவது வழக்கம். குளிரில் மரத்த கால், சூடு பட்டதும் உணர்வு பெறும். நீரிழிவால் நரம்பு கெட்ட கால் அவ்வாறு மீளாது. சிலருக்கு இரவில் எரிச்சல் கூடும். வலியே அறியாதோரை எண்ணித்தான் நாங்கள் அதிகம் கவலைப்படுகிறோம். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்கள் பெரும்பாலும் உணரப்படாத காயங்களாலேயே சிதைகின்றன என்று கண்டார். நீரிழிவுப் பாதத்துக்கும் இது பொருந்தும். ஆகவே கணப்புச் சட்டியருகே காலை நீட்டாதீர்கள். வெந்நீரின் சூட்டை வீட்டார் பார்த்துச் சொல்லட்டும். தேயிலைத் தோட்டம் செல்வோர் பூட்ஸை உதறிய பின்பே அணியுங்கள். இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். எங்களிடம் வந்தால் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதிப்போம். சில நிமிடங்களே ஆகும்.