கடலில்லாத ஊரும் கடற்காவலும்



கடலைக் காப்பது பற்றிப் பேச வந்திருக்கும் நான் பிறந்த ஊர் இராசிபுரம். நெய்க்கும் ஜவ்வரிசிக்கும் பேர்பெற்ற அவ்வூரிலிருந்து எத்திசையில் சென்றாலும், கடலைக் காண நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். கொல்லிமலையைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கடலைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். கல்லூரியில் படிக்கச் சென்னைக்குச் சென்ற புதிதில் நானும் அவ்வாறே எண்ணினேன். ஒரு மாசி மாத இரவில் அந்த எண்ணம் மாறியது.

அன்றிரவு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரம், மாணவர் சிலருடன் மணலில் நடந்தேன். அவர்கள் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்தவர்கள். 1970களின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இக்கடற்கரையில் இரவு நேரங்களில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வந்தனர். அக்காலத்தில் பொறியியல் மாணவராக இருந்த சதீஷ் பாஸ்கர், பிற்காலத்தில் இந்தியக் கடற்கரையின் பெரும்பகுதியை நடந்தே ஆராய்ந்தவர். ஆமைகளைக் கவனிப்பதற்காகவே 1982ஆம் ஆண்டு மழைக்காலத்தை இலட்சத்தீவின் ஆளில்லாத் தீவொன்றில் தனியாகக் கழித்தவர். அந்தப் பணியை 1988 முதல் மாணவர்களே ஏற்று நடத்தத் தொடங்கினர்.

ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமை, ஆண்டின் முதல் மாதங்களில் இரவு வேளையில் கரையேறி, மணலில் ஒன்றரை அடி ஆழத்திற்குக் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேலும் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். டிராக்டர் சக்கரத் தடம் போன்ற அதன் தடத்தைக் கண்டதும், ஒருவர் மெல்லிய கோலால் மணலை அழுத்திப் பார்ப்பார். கோல் எளிதில் இறங்கும் இடமே கூடு. முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் இட்டு, காவலுள்ள பொரிப்பகத்திற்குக் கொண்டு சென்று, இயற்கைக் கூட்டைப் போலவே தோண்டிய குழியில் புதைப்பார்கள். இதைச் சில மணி நேரத்திற்குள் செய்து முடிக்க வேண்டும். காலம் கடந்த பின் முட்டை புரண்டால் உள்ளிருக்கும் கரு அழிந்துவிடும்.

நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். வெளிச்சம் மிகுந்த அடிவானத்தை நோக்கிச் செல்வது அவற்றின் இயல்பு. முற்காலத்தில் அந்த வெளிச்சம் கடலின் மேல் இருந்தது. இன்று நகரத் தெருவிளக்குகளில் இருக்கிறது. வழிதவறிய குஞ்சு சாலையை நோக்கி ஊர்ந்து மடிகிறது. ஆதலின் குஞ்சுகளைக் கடலருகே கொண்டு சென்று விடுவதும் தொண்டர்களின் பணியாயிற்று.

அன்றிரவு நாங்கள் ஒரு கூட்டைக் கண்டோம். சற்றுத் தொலைவில், இறந்து ஒதுங்கிய பெரிய ஆமையொன்றையும் கண்டோம். கடலாமை நீரில் வாழ்ந்தாலும், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவை வலையில் சிக்கினால் வர இயலாமல் மூழ்கி இறக்கும். “தாய் இப்படிச் சாகும்போது முட்டையைக் காத்து என்ன பயன்?” என்று நான் கேட்டேன். உடன் வந்த மூத்த மாணவர் விடை கூறாமல், இறந்த ஆமையின் நீளத்தை அளந்தார். இடத்தையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அந்தக் குறிப்பேட்டின் பொருள் எனக்குப் பின்னரே விளங்கியது. 2025 சனவரியில் சென்னையையொட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயம் அதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. கரையில் நடந்து எண்ணுவார் இல்லையேல் அந்த மரணங்கள் யாருக்குத் தெரிந்திருக்கும்? கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன் பிடிக்கலாகாது என்பது தமிழ்நாட்டின் விதி. வலைக்குள் சிக்கிய ஆமை தப்பிச் செல்ல வழிவிடும் கருவியும் உண்டு. விதியும் கருவியும் செயலுக்கு வரத் தூண்டுகோல், எண்ணிக் காட்டும் சான்றே. மீனவரைப் பகைவராகக் கருதுவதும் தவறு. கடல் வளம் குன்றினால் முதலில் பசித்திருப்பவர் அவர்களே.

விடுமுறையில் ஊர் திரும்பும் வழியில் திருமணிமுத்தாற்றைப் பார்த்தேன். சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலத்தைக் கடந்து நாமக்கல் மாவட்டத்தின் வழியே காவிரியில் கலக்கும் ஆறு அது. காவிரியோ பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. ஆற்றங்கரை முட்களில் பிளாஸ்டிக் பைகள் தொங்கின. அடுத்த வெள்ளத்தில் அவை போய்ச் சேருமிடம் எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நண்பர்களே! நீந்தத் தெரியாதவரும் கடலைக் காக்கலாம். மழைக்கு முன் உங்கள் ஊர் ஓடையையும் ஏரி மதகையும் நான்கு பேர் சேர்ந்து தூய்மை செய்யுங்கள். எடுத்த குப்பையை எண்ணி, நாளும் இடமும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அவ்வாறே செய்யுங்கள். அந்தக் கணக்கோடு உங்கள் நகராட்சியின் வாயிலில் நின்றால், உங்கள் சொல்லுக்கு எடை கூடும். நானும் என் ஊரில் அத்தகைய குறிப்பேடு ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். அதன் முதற்பக்கத்தில் நான் எழுதிய இடம், எங்கள் தெரு முனைச் சாக்கடை. கடலுக்குச் செல்லும் வழி அங்கேதான் தொடங்குகிறது.