தீ மலையேறும் வேகம்

போன ஜனவரியில் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். மார்ச்சில் ஒரு நீண்ட வாரக்கடைசி கிடைக்கிறதாம், ஆறேழு பேர் கூடாரம் எல்லாம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு தேனிப் பக்கம் மலையேறப் போகிறார்களாம். "மார்ச்சா?" என்றேன். "ஏன் மாமா, மழை இருக்காது, அட்டை இருக்காது, வானம் க்ளியரா இருக்கும்" என்றான். அதெல்லாம் சரிதான். "காட்டுத்தீ?" என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது. "வந்தா ஓடிட வேண்டியதுதான். நான் டெய்லி பத்து கிலோமீட்டர் ஓடுறவன் மாமா."

அவன் ஓடுவது பெசன்ட் நகர் கடற்கரையில். அடையாறுக்காரர்களுக்கு ஏற்றம் என்றால் திரு.வி.க. பாலம்தான். எனக்கும் அப்படித்தான். ஆகவே தீயோடு ஓட்டப்பந்தயம் வைத்தால் யார் ஜெயிப்பார்கள் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில், பந்தயம் எங்கே நடந்தது என்பது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. முதல் நாள் கொழுக்குமலைக்கு ஏறி, இரவு தங்கிவிட்டு, மறுநாள் இறங்கிக்கொண்டிருந்த 30க்கும் மேற்பட்டவர்களைப் பிற்பகலில் தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள், ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போனவர்களும் இருந்தார்கள். பலர் ஐ.டி. துறையினர், பெண்கள் நிறைய. இறந்தவர்கள் 20க்கும் மேல். முதலில் மேலே ஓடியது குரங்கணி ஊர்க்காரர்கள். ஹெலிகாப்டரெல்லாம் அதற்குப் பிறகுதான். என் பழைய அலுவலகத்தில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. "ஏன் ஓடித் தப்பிக்க முடியவில்லை?" என்று பலரும் கேட்டார்கள், நானும் கேட்டேன். அது எவ்வளவு அபத்தமான கேள்வி என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் உறைத்தது.

ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீயை ஆராய்ந்த மெக்ஆர்தர் என்பவர் தந்த ஒரு தோராய விதி உண்டு. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும், மேல்நோக்கிப் பரவும் தீயின் வேகம் இரட்டிப்பாகும். சமதளத்தில் காய்ந்த புல்லில் மணிக்கு 2 கி.மீ. போகிற தீ என்று வைத்துக்கொள்வோம் (காற்று அடித்தால் இதைவிட எவ்வளவோ வேகமாகப் போகும்). 10 டிகிரியில் 4 கி.மீ., 20 டிகிரியில் 8 கி.மீ.

இப்போது மனிதன். மலை நடைக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு 2000 அடி உயரத்துக்கு இன்னொரு மணி நேரம். 20 டிகிரி சரிவில் இதைப் போட்டால் மணிக்குச் சுமார் 1.3 கி.மீ. வருகிறது. உயிர் பயத்தில் மூன்று மடங்கு வேகமாக ஏறினாலும் 4 கி.மீ. தீ 8. அதுவும் அதற்கு மூச்சு வாங்காது, முதுகில் பையும் இல்லை.

ஏன் இப்படி? சமதளத்தில் தழல் நேராக மேலே போகும், சூட்டின் பெரும்பகுதி வானத்துக்குப் போய்விடும். சரிவில் தழலுக்கும் மேலே இருக்கும் புல்லுக்கும் இடைவெளி குறைவு. எரிகிற புல், அடுத்த புல்லைத் தொடுவதற்கு முன்பே காய்ச்சித் தயாராக்கி விடுகிறது. இதில் நேரமும் சேர்ந்துகொள்கிறது. பகலில் வெயில் பட்டுச் சூடான மலைச்சரிவில் காற்று கீழிருந்து மேலே வீசும், இரவில் அது திரும்பும். காய்ந்த புல், மரக்கட்டை மாதிரி இல்லை, ஒரு மணி நேரத்துக்குள் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மாறிவிடும். காலை ஏழு மணிக்குப் பனியில் நனைந்து கிடந்த அதே புல், மதியம் இரண்டு மணிக்கு வேறு பொருள்.

20 டிகிரிக்கு மேல் போனால் இரட்டிப்பு விதியையும் முழுதாக நம்ப முடியாது, நிலைமை இன்னும் மோசம். இதற்கு நான் படித்ததிலேயே நல்ல உதாரணம் மலையில் இல்லை, லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் இருக்கிறது. 1987 நவம்பர் 18, கிங்ஸ் கிராஸ். மரத்தாலான எஸ்கலேட்டரில் சிறிதாகப் பிடித்த தீ, திடீரென்று மேலே இருந்த டிக்கெட் கூடத்துக்குள் பாய்ந்தது. 31 பேர் இறந்தார்கள். விசாரணைக்காகக் கணினியில் அதை உருவகப்படுத்தியபோது, தழல் மேலே எழாமல் எஸ்கலேட்டரின் தரையோடு படுத்துக்கொண்டு ஏறுவதாக விடை வந்தது. புரோகிராமில் ஏதோ பிழை என்றே முதலில் சந்தேகப்பட்டார்கள் (நானாக இருந்தாலும் பக் டிக்கெட் போட்டிருப்பேன்). சிறிய மாதிரி எஸ்கலேட்டர் செய்து கொளுத்திப் பார்த்தால், அதேதான் நடந்தது. எஸ்கலேட்டரின் சரிவு 30 டிகிரி, இரண்டு பக்கமும் சுவர். மலையில் அதே வடிவத்தில் இருப்பது எது? ஓடை, பள்ளம், இரண்டு மேடுகளுக்கு நடுவே மேலே போகிற இடுக்கு. நிழலாக, பத்திரமாகத் தெரியும் அந்த இடுக்குதான் புகைபோக்கி.

அப்படியானால் என்ன செய்வது? 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானாவில், மேன் கல்ச் என்ற இடத்தில், பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்களையே புல் தீ மலைச்சரிவில் துரத்தியது. 16 பேரில் 13 பேர் இறந்தார்கள். தலைவர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தி, தன் முன்னால் இருந்த புல்லைத் தானே கொளுத்தி, அது எரிந்து போன சாம்பலில் குப்புறப் படுத்தார். பெரிய தீ அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. கூப்பிட்டும் மற்றவர்கள் வரவில்லை, பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும். இன்னும் இருவர் பாறை இடுக்கு வழியாக மேட்டைக் கடந்து பிழைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் தீப்பெட்டி எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டாம். அதற்கு ஜெயில்தான். எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. எரிய எதுவும் இல்லாத இடத்தைத் தேட வேண்டும்: ஏற்கெனவே கரிந்த நிலம், வெறும் பாறை, அகலமான மண் பாதை. கீழே தீ தெரிந்தால் நேர் மேலே ஏறாமல் பக்கவாட்டில் நகர்ந்து அதன் பாதையிலிருந்து விலக வேண்டும். முடிந்தால், புகை வாசனை வந்த முதல் நிமிஷத்திலேயே.

செயற்கைக்கோள் காப்பாற்றுமா என்று கேட்பீர்கள். நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில் தீப்புள்ளிகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம், நான் பிப்ரவரி முழுக்க அதைத் திறந்து வைத்திருப்பேன். ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் நாளுக்குச் சில முறைதான் வரும், படம் தளத்துக்கு வரச் சில மணி நேரம் பிடிக்கும். போகலாமா என்று முதல் நாள் முடிவெடுக்க உதவும். மலையில் நிற்கும்போது உதவாது.

இன்னொன்று துணி. கடையில் மலையேற்ற உடை என்று விற்பது பெரும்பாலும் பாலியெஸ்டர். வியர்வைக்கு நல்லது, தீக்கு உருகித் தோலில் ஒட்டும். பருத்தி கருகும், ஆனால் உருகாது. கூடாரத் துணியும் அதே உருகும் ஜாதிதான்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு திறந்தது. உள்ளூர் இளைஞர்கள்தான் வழிகாட்டிகள். குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் அதில் ஒன்று. 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அத்தனையையும் மூடி வைத்தார்கள். எரிச்சல்பட்டவர்கள் உண்டு. மேலே உள்ள கணக்கைப் போட்டவனுக்கு எரிச்சல் வராது.

கணக்குப் போட்ட தாளை அக்கா பையனிடம் காட்டினேன். நெய்ஸ்மித்தை நம்பவில்லை. மறுநாள் காலை பத்து மாடிக் கட்டிடம் ஒன்றில் பை மாட்டிக்கொண்டு படியேறிப் பார்த்திருக்கிறான். "மாமா, ஆறாவது மாடியிலேயே முடியல" என்று மெசேஜ் வந்தது. பயணத்தை டிசம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். அட்டை இருக்குமாம், உப்பு வாங்கி வைத்திருக்கிறான்.