மேடைப் பலகை

காய்கறி நறுக்கவும் மாவு பிசையவும் உதவும் சமையல் மேடைக்குச் சிலர் மரப்பலகை அமைப்பர். நாள்தோறும் நீரும் வெம்மையும் படும் அப்பலகையை வாங்குமுன், அதனை விற்கும் வணிகரைத் தேர்ந்தறிதல் வேண்டும்.

பச்சை மரத்தில் நீர் மிகுதி. அந்நீர் வற்றுங்கால் மரம் சுருங்கும். நீளவாட்டில் அது மிகச் சிறிதே சுருங்கும். அகலவாட்டிலோ மிகுதி, அதிலும் ஆண்டு வளையங்கள் ஓடும் திசையில், அவற்றைக் குறுக்கிடும் திசையைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு சுருங்கும். இவ்வேறுபாட்டினால் பலகை கோணுகிறது. சில வேளை வெடிக்கவும் செய்கிறது. மேடையில் பொருத்திய பின்னர் உலரும் பலகை விளிம்பு தூக்கி நிற்கும். கொடுத்த பணம் மீளாது. ஆதலின் நல்ல வணிகர் பலகைகளுக்கிடையே குச்சிச் சட்டங்களை வைத்து அடுக்கி, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துவர். மரம் அறுத்த காலத்தைக் கேட்டால் தயங்காது கூறுவர். ஈரமானியைப் பலகையில் வைத்து, ஈரம் 12 விழுக்காட்டை ஒட்டியிருத்தலைக் காட்டுவாரும் உளர்.

தேக்கின் நடுப்பகுதி வைரம் எனப்படும். அது பொன் கலந்த பழுப்பு நிறமும் இயல்பான எண்ணெய்ப் பசையும் உடையது. ஓரப்பகுதியாகிய வெளிறு மங்கிய நிறத்தது. பூச்சி அதனை எளிதில் அரித்துவிடும். வெளிற்றுக்குச் சாயம் பூசி வைரம்போலத் தோன்றச் செய்தலும் கூடும். ஆகவே மெருகேற்றிய முகத்தைக் கண்டு பயனில்லை. அறுத்த முனையையே நோக்குதல் வேண்டும். பருமாத் தேக்கு, நிலம்பூர்த் தேக்கு எனப் பெயர் சொல்லுதல் எவர்க்கும் எளிது. மரத்தின் பெயரையும், வெளிறு நீக்கிய பலகை என்பதையும் விலைச்சீட்டில் எழுதித் தருமாறு கேட்கலாம். எழுதத் தயங்குபவர் கன அடிக்கு விலை குறைத்துக் கொடுப்பினும், அடுத்த கடைக்குச் செல்லுதல் நன்று.