உங்கள் இக்காமாவில் எத்தனை சிம்?

2004 மே 29. சவூதி அரேபியாவின் அல்கோபாரில் வாரத்தின் முதல் வேலை நாள். காலையில் துப்பாக்கிகளோடு வந்த சிலர் எண்ணெய்த் துறை அலுவலகங்களில் சுட்டுத்தள்ளிவிட்டு, ஓயாசிஸ் குடியிருப்பு வளாகத்துக்குள் நுழைந்தார்கள். முஸ்லிமா, இல்லையா என்று கேட்டுக் கேட்டு ஆட்களைப் பிரித்தார்கள். மறுநாள் கமாண்டோக்கள் ஹெலிகாப்டரில் இறங்கி வளாகத்தை மீட்டபோது கணக்கு 22 பிணங்கள். அதில் 8 பேர் இந்தியர், 2 பேர் இலங்கையர். பிழைப்புக்குப் போனவர்கள்.

பதினோரு ஆண்டு கழித்து, அதே மே 29. 2015, வெள்ளிக்கிழமை. அல்கோபாரிலிருந்து கார் எடுத்தால் அரை மணியில் வந்துவிடும் தம்மாமில், அல் அனூத் பகுதியின் இமாம் ஹுசைன் பள்ளிவாசல். முந்தைய வாரம்தான் பக்கத்தில் கத்தீஃபின் குதைஹ் கிராமத்தில் ஷியா பள்ளிவாசலில் குண்டு வெடித்து 21 பேர் இறந்திருந்தார்கள். அதனால் அன்று பெண்கள் பகுதியை மூடிவிட்டு, உள்ளூர் இளைஞர்களே வாசலில் காவல் நின்றார்கள். பெண் உடையில் வந்த ஒருவரை அவர்கள் மறித்தார்கள். உள்ளே போக முடியாமல் அவர் வண்டி நிறுத்துமிடத்திலேயே வெடித்தார். நான்கு உயிர்கள் போயின. மறித்தவர்களில் ஒருவர் அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர், ஊருக்கு வந்திருந்தார். கூட நின்ற அவருடைய அண்ணன் தம்பி உறவுகளும் தப்பவில்லை. அந்தப் பையன்கள் நின்றிராவிட்டால் எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்பது தொழுகைக்கு வந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

2004இல் சுட்டவர்கள் அல்காயிதாவின் சவூதிக் கிளை. 2015இன் இரண்டு குண்டுகளுக்கும் உரிமை கோரியது ஐஎஸ். கட்டளை எல்லைக்கு வெளியே இருந்து வந்திருக்கலாம். கை இந்த மண்ணின் கை. உள்நாட்டுப் பயங்கரவாதம் என்று பேசும்போது இதைத்தான் சொல்கிறோம்: சொந்த நாட்டுக்காரர், சொந்த ஊரில், பொதுமக்களை அஞ்சவைக்க அல்லது அரசைப் பணியவைக்கச் செய்யும் வன்முறை. அமெரிக்கா 2001ஆம் ஆண்டு தேசபக்திச் சட்டத்தில் இதற்குத் தனி வரையறையே எழுதியது. ஆனால் அந்தப் பெயரில் தனிக் குற்றம் ஒன்றை அங்கே இன்னும் உருவாக்கவில்லை. உலகத்துக்கெல்லாம் பொதுவான ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று 1996இல் ஐநாவில் வரைவு வைத்தது இந்தியா. விடுதலைப் போராட்டத்தை எதில் சேர்ப்பது, அரசுப் படை செய்வதை என்னவென்று சொல்வது என்ற சண்டையில் அது இன்றும் நிறைவேறாமல் கிடக்கிறது.

தமிழருக்கு இந்தச் சண்டை புதிதல்ல. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்பதைப் பலர் மறந்துவிட்டோம். அது கொடிய கொலைதான். ஆனால் அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா சொல்லும் பொருளில் பயங்கரவாதச் செயல் அல்ல, ஏனென்றால் அரசை மிரட்டவோ மக்களை அச்சுறுத்தவோ செய்ததாக நிரூபிக்கப்படவில்லை என்றது. 4 பேருக்குத் தூக்கு, 3 பேருக்கு ஆயுள் என நின்று, 19 பேர் வெளியே வந்தார்கள். வரையறையில் நான்கைந்து சொற்கள். அதற்குள் அவ்வளவு எடை. இலங்கையில் 1979இல் மூன்றாண்டுக்கு மட்டும் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாகி, வடக்குக் கிழக்கில் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியது என்பதை யாழ்ப்பாணத்துக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை.

இப்போது தம்மாமுக்கு வருவோம். சவூதிச் சட்டம் உள்நாடு, வெளிநாடு என்று பயங்கரவாதத்தைப் பிரிப்பதே இல்லை. 2014இல் நடைமுறைக்கு வந்த முதல் சட்டம் 'அரசின் நற்பெயருக்குக் களங்கம்' விளைவிப்பதைக்கூடப் பயங்கரவாதத்தில் சேர்த்தது. 2017 நவம்பரில் வந்த புதிய சட்டம் அந்த வரியை எடுத்துவிட்டது. ஆனால் பொது ஒழுங்கைக் குலைப்பது, நாட்டின் பாதுகாப்பையும் ஒற்றுமையையும் ஆட்டங்காணச் செய்வது என்ற அகலமான சொற்கள் அப்படியே இருக்கின்றன. மன்னரையோ பட்டத்து இளவரசரையோ மார்க்கத்துக்கும் நீதிக்கும் இழுக்கு வரும்படி சித்திரிப்பதற்கு 5 முதல் 10 ஆண்டுச் சிறை என்று ஒரு பிரிவு புதிதாகச் சேர்ந்தது. 2017இல் சவூதிக்குச் சென்ற ஐநா சிறப்பு அறிக்கையாளர் பென் எமர்சன் இந்த அகலத்தைத்தான் குறை சொன்னார். வன்முறை என்ற சொல் வரையறைக்குள் கட்டாயமாக இல்லாதபோது, வன்முறையே செய்யாதவரும் உள்ளே வந்துவிடுவார்.

அப்படி வந்தவர் ஒருவர் கிழக்கு மாகாணத்துப் பெண், சல்மா அல் ஷிஹாப். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. விடுமுறைக்கு ஊர் வந்தவரை 2021 ஜனவரியில் பிடித்தார்கள். குற்றம், ட்விட்டர் பதிவுகள். முதலில் 6 ஆண்டு. மேல்முறையீட்டில் 2022இல் அது 34 ஆண்டாகக் கூடியது. பிறகு படிப்படியாகக் குறைந்து 2025 பிப்ரவரியில் வெளியே வந்தார். விசாரித்தது, பயங்கரவாத வழக்குகளுக்காக 2008இல் அமைத்த சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம். சொந்தக் குடிமகளுக்கே இந்தக் கதி என்றால் இக்காமா என்ற குடியிருப்பு அனுமதியில் இருப்பவர் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஆட்களில் குண்டு வைக்கப் போகிறவர் யாருமில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். நம்மவருக்கு ஆபத்து வருவது பெயரை இரவல் கொடுப்பதில்.

தம்மாமின் சீக்கோ பக்கம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நின்றால் தெரியும். புதிதாக வந்தவனுக்கு இக்காமா இன்னும் கைக்கு வந்திருக்காது. "அண்ணே, உங்க பேர்ல ஒரு சிம் எடுத்துக் குடுங்க" என்பான். ஊர்ப்பாசம், கொடுத்துவிடுவார். 2016 முதல் சவூதியில் விரல்ரேகை வைத்துத்தான் சிம். அந்த ரேகை அண்ணனுடையது. தம்பி வேலை மாறி ஜுபைலுக்குப் போவான், அந்த சிம்மை இன்னொருவனுக்குக் கொடுப்பான், அவன் வேறொருவனுக்கு. அந்த எண்ணிலிருந்து யார் யாரை அழைத்தாலும் காவல்துறை முதலில் வந்து நிற்பது அண்ணனின் அறை வாசலில். வங்கி அட்டையும் கைபேசிப் பணக் கணக்கும் இதே கதைதான்.

அடுத்தது வசூல். இதில்தான் நல்ல மனசுக்காரர்கள் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேம்ப்பில் ஒருவர் மாரடைப்பில் இறந்துவிட்டார், ஊரில் வெள்ளம், ஒரு குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை: வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, ஒருவர் கணக்கில் ஐம்பது ஐம்பது ரியாலாக ஒரே வாரத்தில் நூறு வரவு. நம் கண்ணுக்கு இது தர்மம். வங்கிக் கணினியின் கண்ணுக்கு, மாதம் ஆயிரத்தைந்நூறு ரியால் சம்பளக்காரர் கணக்கில் காரணம் தெரியாமல் கொட்டும் பணம். உரிமம் இல்லாமல் நன்கொடை திரட்டுவது சவூதியில் குற்றம். வெளிநாட்டு உதவி என்றால் 2015இல் தொடங்கிய மன்னர் சல்மான் மனிதாபிமான உதவி மையத்தின் வழியேதான் போக வேண்டும். உள்நாட்டு உதவிக்கு இஹ்சான் போன்ற அரசு தளங்கள் இருக்கின்றன. இந்த இறுக்கத்துக்குக் காரணம் உண்டு: 2001க்குப் பிறகு தர்மப் பெட்டிகளின் பணம் எங்கெங்கோ போனது என்ற குற்றச்சாட்டில் இந்த நாடு பட்ட பாடு. உதவி செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் கணக்கில் சேர்க்காமல் ஆளுக்காள் அவரவர் வங்கி வழியாக, நோயாளியின் குடும்பத்துக்கோ மருத்துவமனைக்கோ நேராக அனுப்பட்டும். ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

உண்டியல் வழியாக ஊருக்குப் பணம் அனுப்புவது இன்னும் மோசம். ரியாலுக்குப் பத்துக் காசு கூடக் கிடைக்கிறது, வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தருகிறார்கள் என்பதெல்லாம் உண்மைதான். நீங்கள் கொடுத்த ரியால் ஊருக்குப் போவதில்லை என்பதும் உண்மை. அது இங்கேயே வேறு யாருக்கோ போகிறது. ஊரில் வேறு யாருடைய ரூபாயோ உங்கள் வீட்டுக்கு வருகிறது. அந்த வேறு யாரோ தங்கக் கடத்தல்காரரா, அதைவிடப் பெரிய ஆளா என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதை நிரூபிக்கும் வேலை மட்டும் உங்களுடையதாகிவிடும்.

சமூக ஊடகப் பகிர்வு பற்றி ஒரு வார்த்தை. 2007ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டத்தில் பொது ஒழுங்குக்கும் மதிப்பீடுகளுக்கும் ஊறு செய்யும் பதிவுக்கு 5 ஆண்டுச் சிறையும் 30 லட்சம் ரியால் அபராதமும் வரை போகலாம். தாக்குதல் நடந்த இடத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள். தடைசெய்த இயக்கத்தின் காணொலியைத் திட்டுவதற்காகக்கூடப் பகிராதீர்கள். நீங்கள் தமிழில் எழுதிய திட்டு விசாரிப்பவருக்குப் புரியப் போவதில்லை, படம் புரியும். ஷியா, சன்னி வசவு எதையும் தொடாதீர்கள். கத்தீஃபும் சைஹாத்தும் தம்மாமுக்குப் பக்கத்து ஊர்கள்.

இதெல்லாம் சவூதிக்குள் முடிகிற விஷயமும் இல்லை. 2019 ஜூலையில் ஐக்கிய அரபு அமீரகம் திருப்பியனுப்பிய தமிழ்நாட்டுக்காரர்கள் 14 பேரை தேசியப் புலனாய்வு முகமை கைது செய்து பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்தில் நிறுத்தியது. பணம் திரட்டியதும் இயக்கம் அமைக்க முயன்றதும் குற்றச்சாட்டு. இந்தியாவின் உபா எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் வெளிநாட்டில் இருக்கும் இந்தியரையும் தொடரும். குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை உள்ளே வைக்கலாம், ஜாமீன் குதிரைக்கொம்பு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, இயக்கம் எதிலும் இல்லாத தனி மனிதரையும் பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம். விடுதலைப் புலிகள் மீது 1992இல் இந்தியா போட்ட தடை இன்றும் நடப்பில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, பிடித்துவிட்டார்கள். என்ன செய்வது?

பயங்கரவாதச் சட்டத்தில் பிடித்தால் நிலைமை கடினம் என்பதை மறைத்துப் பயனில்லை. வெளித்தொடர்பே இல்லாமல் 90 நாள் வரை வைக்கவும், அரசு வழக்குத் துறையின் உத்தரவில் விசாரணைக் காவலை 12 மாதம் வரை நீட்டவும், விசாரணைக் கட்டத்தில் வழக்கறிஞரைக் கட்டுப்படுத்தவும் 2017 சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் கையில் ஒன்றுமே இல்லை என்று ஆகாது. 1963ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36ஆம் பிரிவில், பிடிபட்ட வெளிநாட்டவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். 'கேட்டால்' என்பதைக் கவனியுங்கள். வாயைத் திறந்து கேட்க வேண்டும்: "அஸ்ஸிஃபாரா அல்ஹிந்தியா" (இந்தியத் தூதரகம்). ஒரு முறை சொல்லிக் கேட்காவிட்டால் பத்து முறை. அரபி புரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு. "முதர்ஜிம்" என்று கேளுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத அரபித் தாளில் கைநாட்டோ கையெழுத்தோ வைக்காதீர்கள். வற்புறுத்தி வாங்கினால், அதை முதன்முதலாக நீதிபதி முன் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். சிம் கொடுத்தது உண்மையென்றால் யாரிடம், எப்போது கொடுத்தீர்கள் என்பதுதான் உங்களைக் காப்பாற்றும்.

அறையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. காணாமல் போனவரின் இக்காமா எண், பாஸ்போர்ட் நகல், கஃபீல் (வேலைக்கு அழைத்த பொறுப்பாளர்) பெயர், கடைசியாகப் பார்த்த இடம், நேரம் இவற்றை எழுதி ரியாத்தில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு அன்றே மின்னஞ்சல் செய்யுங்கள். தம்மாம் அதன் எல்லைக்குள்தான் வருகிறது, ஜித்தா துணைத் தூதரகத்துக்கு அல்ல. ஊரில் வீட்டார் வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் புகார் பதியட்டும், அயலகத் தமிழர் நலத் துறைக்கும் எழுதட்டும். இலங்கையர் என்றால் ரியாத்திலுள்ள இலங்கைத் தூதரகமும் அந்நாட்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவருக்காகத் தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதி 2009 முதல் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டும். "உள்ளே எனக்கு ஆள் தெரியும், பத்தாயிரம் ரியால் கொடு" என்று ஒருவர் வருவார், கண்டிப்பாக வருவார். அவருக்குக் கொடுக்கும் பணத்தை உரிமம் பெற்ற ஒரு சவூதி வழக்கறிஞருக்குக் கொடுங்கள்.

வெளியே நிற்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. 2016 ஜூலை 4 அன்று ஜித்தாவில் தற்கொலைக் குண்டை வெடித்தவர் பல ஆண்டுகளாக அங்கே ஓட்டுநராக இருந்த பாகிஸ்தானியர் என்று அப்போது சவூதி உள்துறை அறிவித்தது. அறை நண்பர்களில் ஒருவர் திடீரென்று எல்லோரையும் காஃபிர் என்று ஏசத் தொடங்கினால், சிரியா காணொலிகளில் மூழ்கினால், அதை 'அவன் அப்படித்தான்' என்று விட்டுவிட வேண்டாம். பாதுகாப்பு தொடர்பான சந்தேகத்துக்கு 990. கண்முன்னே ஆபத்து என்றால் கிழக்கு மாகாணத்தில் 911. அதே சமயம், தாடி வைத்தான், தொழுகையைக் கூட்டினான் என்பதற்காகவோ, கடன் தகராறில் பழி தீர்க்கவோ அந்த எண்களைத் தொடாதீர்கள். பொய்ப் புகாரில் ஒருவனுடைய 90 நாள் போய்விடும்.

இன்றிரவு அறைக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். தகவல் தொடர்பு ஆணையத்தின் 'அர்காமி' சேவையில் நுழைந்து உங்கள் இக்காமா பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று பாருங்கள். உங்கள் கையில் இல்லாத எண் ஒன்று இருந்தாலும் நாளைக் காலையே அந்த நிறுவனத்தின் கடைக்குப் போய் அதைத் துண்டியுங்கள். தம்பி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.