கருந்தரையை அச்சிடுவது எப்படி

குமரி மாவட்டத்துத் தக்கலையிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது பத்மநாபபுரம் கொட்டாரம், அதாவது அரண்மனை. அங்கே நவராத்திரி மண்டபத்தின் தரை, கேமராவோடு போகிற யாரையும் திணறடிக்கும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்று சொல்வார்கள். கறுப்புதான், ஆனால் கல்தூண்கள் அதில் தலைகீழாகத் தெரியும் அளவுக்கு மினுங்கும் கறுப்பு. ஓரத்தில் வெயில் பளீரென்று விழும்; இரண்டு எட்டு உள்ளே வைத்தால் அரையிருட்டு. நம் கண் வெயிலுக்கும் இருட்டுக்கும் மாறி மாறிப் பழகிக்கொள்கிறது. தாளுக்கு அது முடியாது. பளபளப்பான நல்ல தாளில்கூட வெள்ளைப் பகுதி, கறுப்புப் பகுதியைவிட நூறு மடங்கும் கொஞ்சமும்தான் கூடுதலாக ஒளியைத் திருப்பியனுப்பும். மேட் தாள் என்றால் நாற்பது மடங்கு. எதிரே உள்ள காட்சியில் அந்த வித்தியாசம் எளிதாக ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

ஆயிரத்தை நூறுக்குள் அடக்க வேண்டும். தூணின் செதுக்கு தெரிய வேண்டுமென்றால் வெயில் வெளுத்துப்போகும். வெயிலைக் காப்பாற்றினால் தரை குருட்டுக் கறுப்பாகிவிடும். எதை விட்டுக்கொடுப்பது என்று யாராவது தீர்மானித்தே ஆகவேண்டும். படத்தை இருட்டறையில் போட்டார்களா, கம்ப்யூட்டரிலிருந்து போட்டார்களா என்பது முக்கியமா என்று கேட்டால், முக்கியம் என்றுதான் சொல்வேன். ஆனால் இருட்டறை உசத்தி, டிஜிட்டல் மட்டம் என்று பிரிப்பவர்கள் கோட்டைத் தப்பான இடத்தில் போடுகிறார்கள்.

முதலில் இருட்டறையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். ‘பிலிம் கழுவக் கொடுத்திருக்கேன்’ என்று ஒரு தலைமுறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த வேலை அது. புரோமைடு பேப்பர் என்று ஸ்டூடியோக்காரர்கள் சொல்லும் தாளின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளி உப்புத் துகள்கள். படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரில் நெகட்டிவை வைத்து விளக்கைப் போட்டால், ஒளி பட்ட துகள்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வெள்ளி அணுக்கள் பிரிந்து நிற்கும். அப்போது தாளைப் பார்த்தால் வெறும் வெள்ளைதான். டெவலப்பரில் போட்டதும் அந்தச் சில அணுக்களைப் பிடித்துக்கொண்டு துகள் முழுவதும் உலோக வெள்ளியாக மாறும். நகையில் பளபளக்கும் வெள்ளி, இவ்வளவு நுண்ணிய இழைகளாகச் சிக்கிக் கிடக்கும்போது ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரிகிறது. அடுத்து அசிட்டிக் அமிலக் குளியல். டெவலப்பரின் வேலையை அது நிறுத்துகிறது. அதற்கடுத்து ஹைப்போ. ஒளி படாத உப்பை அது கரைத்து எடுத்துவிடும், அதன்பின் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம். வெள்ளி உப்பை ஹைப்போ கரைக்கும் என்று ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்தது 1819-இல், புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்படுவதற்கு 20 ஆண்டுகள் முன்பு. கடைசியில் ஓடும் தண்ணீரில் அலசல்.

இவ்வளவும் சிவப்பு விளக்கின் கீழ் நடக்கும். இந்தத் தாளுக்கு நீலமும் பச்சையும்தான் உறைக்கும், சிவப்பு உறைக்காது.

நம் ஊரில் இதில் இன்னொரு தொல்லை உண்டு. டெவலப்பருக்கு எழுதிவைத்த வெப்பநிலை 20 டிகிரி. குமரி மாவட்டத்துக் குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கமே வராது. சூடு கூடினால் படம் சட்டென்று கறுத்துவிடும், ஜெலட்டினும் இளகும். அதனால் தட்டைச் சுற்றி ஐஸ் போட்டு வேலை பார்ப்பது, விடியலில் வேலையை முடிப்பது என்று வெக்கை ஊர்களில் வழிகள் வைத்திருந்தார்கள்.

தீர்மானம் எங்கே வருகிறது? என்லார்ஜரின் அடியில். தாளின் ஒரு கீற்றை எடுத்து 3 விநாடி, 6 விநாடி, 12 விநாடி என்று படிப்படியாக ஒளி காட்டிக் கழுவிப் பார்ப்பார்கள். மண்டபத்துத் தரைக்கு 10 விநாடி போதும், ஆனால் வெயில் விழுந்த ஓரத்துக்கு 20 தேவை என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 10 விநாடி தாள் முழுவதும் ஒளி விழும். அடுத்த 10 விநாடி தரைப் பகுதியைக் கையால் மறைத்து, ஓரத்துக்கு மட்டும் ஒளி காட்டுவார்கள். தூணின் நிழல் பக்கம் அடைபட்டுப்போகிறது என்றால், கம்பியில் ஒட்டிய சிறு அட்டையை ஒளிக்குக் குறுக்கே ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டாமல் பிடித்தால் அட்டையின் விளிம்பு தாளில் கோடாக விழுந்துவிடும். அடுத்த பிரிண்டுக்கு இத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும், கை அதே மாதிரி ஆடாது. ஒரே நெகட்டிவிலிருந்து பிறந்த இரண்டு பிரிண்டுகள் உடன்பிறப்புகள், இரட்டைகள் இல்லை.

அமெரிக்க ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழும் காட்சியை எடுத்தார். அந்த ஒரு நெகட்டிவிலிருந்து அவர் போட்ட பிரிண்டுகள் ஆயிரத்துக்கும் மேல். முற்பட்ட பிரிண்டுகளில் வானத்தில் மேகக் கீற்றுகளும் சாம்பல் நிறமும் தெரிகின்றன. ஆண்டுகள் போகப்போக வானத்தை இருட்டாக்கிக்கொண்டே வந்தார். 1948-இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியையே ரசாயனத்தில் மறுபடி நனைத்து, கல்லறைச் சிலுவைகள் துலங்கும்படி செய்தார். எந்தப் பிரிண்ட் அசல்? என்னைக் கேட்டால் எல்லாமே. ஷட்டரை அழுத்தியதோடு படம் முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இருட்டறைக்காலத்தில் பொய்யே இல்லை, போட்டோஷாப் வந்துதான் கெடுத்தது என்பவர்களுக்கு நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்குச் சேர்த்தார். ஆவணம் என்றால் அப்படிப்பட்ட ஆவணம். அதே ட்ரைப் தன் நெகட்டிவ்களில் வானத்துக்கு மேகத்தைத் தூரிகையால் தீட்டியிருக்கிறார். அந்தக் கால நெகட்டிவுக்கு நீலம்தான் அதிகம் உறைக்கும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாக வரும். அது கண்ணுக்கு உறுத்தியது. பின்னால் வந்த ஸ்டூடியோக்கள் செய்த ‘டச்சிங்’ இதன் வாரிசுதான். கூர்மையாகச் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேல் புள்ளி புள்ளியாக வைத்து அம்மைத் தழும்பை மறைத்தார்கள், பிரிண்டின் மேல் சேலைக்கு வண்ணம் ஏற்றினார்கள். 1990-இல் விற்பனைக்கு வந்த போட்டோஷாப்பை எழுதியவர்கள் நோல் சகோதரர்கள். அவர்களுடைய தந்தை வீட்டிலேயே இருட்டறை வைத்திருந்தவர். அந்த மென்பொருளில் இடத்தை வெளுப்பாக்கும் கருவிக்குப் படமாக இருப்பது கம்பியில் செருகிய அட்டை, கறுப்பாக்கும் கருவிக்கு மடித்த கை.

டிஜிட்டல் பிரிண்ட் என்று நாம் பொதுவாகச் சொல்வதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. மொபைலில் எடுத்த படத்தை லேபுக்கு அனுப்பி மேக்ஸி சைஸில் பிரிண்ட் வாங்குகிறோம். பல கலர் லேபுகளில் அந்தப் படம் மையால் அச்சாவதில்லை. சிவப்பு, பச்சை, நீல லேசர் கதிர்கள் வெள்ளி உப்புப் பூசிய கலர் தாளில் படத்தை எழுதுகின்றன. எந்திரத்துக்குள்ளே அது டெவலப்பரில் முங்கி, வெள்ளியைக் கரைக்கும் குளியலில் முங்கி, அலசப்பட்டு வெளியே வருகிறது. இருட்டறை அங்கே இன்னும் இருக்கிறது, பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஹெர்ஷலின் ஹைப்போ வகை உப்பு அதற்குள்ளும் இருக்கிறது. வேதியியலை வைத்துப் பார்த்தால், இந்த ‘டிஜிட்டல்’ பிரிண்ட் இங்க்ஜெட் பிரிண்டைவிடத் தாத்தா காலத்துப் பிரிண்டுக்குத்தான் நெருக்கம்.

இங்க்ஜெட் தனிச் சாதி. ஒரு லிட்டரின் லட்சம் கோடியில் சில பங்கு அளவே உள்ள துளிகளைத் தாளின் மேல் தெளிக்கிறது. சாய மை தண்ணீரில் கரைந்து தாளுக்குள் இறங்கும். நிறமி மையின் நுண்துகள்கள் பூச்சின் மேல் உட்காரும். பருத்தித் தாளில் நிறமி மையால், பொறுமையான கை போட்ட கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் இன்று வெள்ளிப் பிரிண்டின் பக்கத்தில் தலைநிமிர்ந்து நிற்கும். மேட் தாளில்தான் கருந்தரையின் மினுக்கம் கொஞ்சம் அடங்கிப்போகிறது. பளபளப்புப் பூச்சுள்ள தாளுக்கு மாறினால் அந்தக் குறையும் தீரும். தவிர, மறைத்ததும் கறுப்பாக்கியதும் கோப்பில் பதிவாகிவிடுவதால் நூறாவது பிரிண்டும் முதலாவதைப் போலவே வரும். இதைக் குறை என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. நிழலை ஒரு மாதம் உட்கார்ந்து திருத்தியவருக்கு அந்த உழைப்பு அழியாமல் நிற்பது நியாயம்தானே.

பிறகு எனக்கு என்னதான் மனக்குறை? யாருமே தீர்மானிக்காத படம். மொபைல் தன் பாட்டுக்கு நிழலைத் தூக்கிவிடுகிறது, வெயிலை அடக்குகிறது. லேபின் எந்திரமும் தானாகத் திருத்துகிறது. அந்த மண்டபத்துத் தரை சாம்பல் சிமென்ட் போல் வெளியே வருகிறது, தூணின் இருட்டு காணாமல் போகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது அந்த இடம் இல்லை. என்லார்ஜரின் முன்னால் நின்றவர் தப்பான முடிவையும் எடுத்திருக்கலாம். ஆனால் முடிவெடுக்காமல் தப்பிக்க இருட்டறை அவரை விடாது. கம்ப்யூட்டர் விட்டுவிடும். இரண்டு வழிகளுக்கும் இடையே நான் காணும் பெரிய வேறுபாடு இதுதான். உட்கார்ந்து ஒவ்வொரு நிழலையும் பார்த்துத் திருத்துபவருக்குக் கம்ப்யூட்டரும் இருட்டறைதான்.

செய்முறை எவ்வளவு முக்கியம் என்பதை நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து ஈரக்காற்று சொல்லும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற ஊர் தக்கலை. இங்கே வீட்டு முன்னறைச் சுவர்களில் தொங்கும் படங்களைப் பாருங்கள். ஒன்று அப்படியே இருக்கும். பக்கத்தில் இன்னொன்று மஞ்சள் பாரித்திருக்கும். அலசலில் அவசரப்பட்டதால் ஹைப்போ தாளின் நாருக்குள் தங்கி, மெல்ல மெல்ல வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றியிருக்கிறது. நார்த்தாளை ஒரு மணி நேரம் வரை அலச வேண்டும். கல்யாண முகூர்த்த மாதத்தில் அவ்வளவு நேரம் யாருக்கு இருந்திருக்கும்? செப்பியா டோன் என்று கேட்டு வாங்கும் பழுப்புப் படத்திலும் இருப்பது அதே வெள்ளி சல்ஃபைடுதான். அங்கே வெள்ளியைத் தெரிந்தே, முழுக்க மாற்றிவிடுவதால் படம் இன்னும் உறுதியாகிறது. 1970களின், 80களின் கலர் ஆல்பத்தைத் திறந்தால் முகூர்த்தப் பந்தலே செம்மண் நிறத்தில் இருக்கும். அக்காலத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் வெளுக்கும், மிஞ்சுவது சிவப்புச் சாயல்.

அக்காலப் புரோமைடு தாள்களில் ஒரு பங்கு தமிழ்நாட்டிலேயே உருவானது. தூசியும் வெக்கையும் ஆகாத தொழில் என்பதால் உதகமண்டலத்து மலைக்குளிரில் அமைந்தது ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை ஆலை. 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் தாளும் நாடு முழுக்கப் போயின. இப்போது அந்த ஆலை இயங்கவில்லை. கோடாக் 2005-இல் கறுப்பு வெள்ளைத் தாள் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இன்று இருட்டறை வைத்திருப்பவர் வெளிநாட்டிலிருந்து வரும் இல்ஃபோர்டு போன்ற தாளுக்குக் காத்திருக்க வேண்டும், விலையும் கைக்கடங்காது. பழைய முறையில்தான் கலை இருக்கிறது என்று இளைஞர்களிடம் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் பழைய படம் இருந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். ஈரத்தில் இளகிய ஜெலட்டின் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி மேலேயே வைத்து நேராகப் படமெடுத்துவிடுங்கள். ஒட்டாத படமென்றால், புதிதாகச் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். நெகட்டிவ் கிடைத்தால் ஸ்கேன் செய்த கையோடு எறிந்துவிட வேண்டாம், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் காயவிட்டு வையுங்கள். அதிலிருந்து புதுப் பிரிண்ட் போடப் போகும்போது லேபில் மூன்று கேள்வி கேளுங்கள்: வெள்ளித் தாளா மையா, மை என்றால் சாயமா நிறமியா, தானியங்கித் திருத்தத்தை நிறுத்த முடியுமா? மூன்றாவதற்கு முடியும் என்று பதில் வந்தால், பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தாத்தாவின் கறுப்புக் கோட்டு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.